ஆச்சு என்றே பேசிய நாலு மாதம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதறேன். இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிட்டு இருக்கோம், அங்கே உன் உடம்பும் மனசும் தெம்பா இருக்கணும், வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. அப்பாவுக்கு வலது முழங்கால் மட்டும் படி ஏறும்போது கிறீச்சுன்னு சத்தம் போடுது. ஊர்ல இருக்கிற லிஃப்டை எல்லாம் ரிப்பேர் பண்ணிட்டு வர்ற மனுஷனுக்கு நம்ம வீட்டு மூணு மாடிதான் எதிரி, டாக்டரைப் பாருங்கன்னா கிரீஸ் போட்டா சரியாயிடும்ங்கறார். உன் தங்கச்சி சுகம், அவ பொண்ணுக்கு முன்பல் ரெண்டும் விழுந்து, இப்போ எதைப் பேசினாலும் காத்துதான் வருது. உன் லெட்டர் வந்து நாலு மாசம் முடிஞ்சு போச்சு, ஒரு வரி பதில் போடல, கோவம்னு நெனச்சிருப்பே. கோவமே இல்லடா. மேலே ரெண்டு வார்த்தை எழுதியிருக்கேன் பாரு, அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் நாலு மாசம். அன்பு மகளுக்குன்னு ஆரம்பிச்சு ஒரு தாளைக் கிழிச்சேன், நீ படிச்சா உனக்கு எப்படி இருக்கும்னு. அன்பு மகனுக்குன்னு எழுதப்போனா பேனா ம-வோட நின்னுடுச்சு. அன்புள்ள குழந்தைக்குன்னு எழுதினேன், முப்பது வயசு ஆளுக்கு அது அடுக்காது. ஒரு நாள் அன்புடையீர்னுகூட ஆரம்பிச்சுட்டேன், படிச்சுப் பார்த்தா நாளைக்குத் தண்ணி வராதுன்னு ஒட்டற நோட்டீஸ் மாதிரி இருந்துது.

உன் லெட்டரை ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல ஏணிப்படி மேல உக்காந்துதான் முதல்ல படிச்சேன், கவுண்டர்ல படிக்க முடியுமா, பின்னாடி நாலு பேர் எட்டிப் பார்ப்பாங்க. நான் மாறல அம்மா, எப்பவும் இருந்ததை இப்பத்தான் சொல்றேன்னு எழுதியிருந்தே இல்ல, அந்த வரிக்கு மேல அரை மணி நேரம் போக முடியல. அப்பாகிட்ட குடுத்தேன். மூணு தடவை படிச்சார், நாலா மடிச்சார், கையெழுத்து அதேதான் இருக்குன்னு சொன்னார், டூல்ஸ் பையை எடுத்துக்கிட்டு ஏதோ லிஃப்ட் நடுவுல நிக்குதுன்னு போயிட்டார். அன்னிக்கு எந்த லிஃப்டும் நிக்கலைன்னு அப்புறம் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் நம்ம வீட்ல ஒரு புதுத் தமிழ் பொறந்துது. உன்கிட்ட நேரா பேசறதுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, நீ வந்தே நீ போனே நீ சாப்பிட்டே, ஆணோ பொண்ணோ எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆள் அந்தப் பக்கம் திரும்பினதும்தான் வந்தானா வந்தாளான்னு மொழி கழுத்தைப் பிடிச்சுக்குது. ஞாயித்துக்கிழமை உன் போனை வச்சப்புறம் நானும் அப்பாவும் உன்னைப் பத்திப் பேசணுமே, எப்படிப் பேசறது? அப்பாதான் வழி கண்டுபிடிச்சார். சாப்பிட்டாச்சாம், ஆபீஸ் போயாச்சாம், ஜுரம் விட்டாச்சாம், புது ரூமுக்கு மாறியாச்சாம். யார் சாப்பிட்டது யார் மாறினதுன்னு ஒண்ணும் கிடையாது, எல்லாம் தானா ஆச்சு. நானும் பிடிச்சுக்கிட்டேன். ஒரு தடவை அப்பா மரியாதையா இருக்கட்டும்னு வந்தாராம் போனாராம்னு போட்டுப் பார்த்தார், ஏதோ அவரோட ஏரியா மேனேஜர் வரப்போற மாதிரி இருந்துது, வேண்டாம்னுட்டேன். இப்படியே ஆச்சு ஆச்சுன்னு மாடிப்படியில பேசிக்கிட்டே ஏறினதை மேல் வீட்டு ரிட்டயர்டு தபால்காரர் கேட்டிருக்கார். கிளம்பியாச்சா, சேர்ந்தாச்சா, ஒண்ணுமே தெரியலன்னு நாங்க பேசினதை வச்சு, ஏதோ பார்சல் தொலைஞ்சுபோச்சுன்னு முடிவு பண்ணி, புகார் எழுத ஃபாரமே கொண்டு வந்துட்டார். பார்சல்ல என்ன இருந்துதுன்னு கேட்டார். உடையற சாமான்னு அப்பா சொன்னார், சொல்லிட்டு உள்ளே போயிட்டார்.

இந்த நேரத்துலதான் ஆஸ்பத்திரியில சர்க்குலர் சார் ஒரு சர்க்குலர் விட்டார். எங்க நிர்வாக அதிகாரிக்கு அந்தப் பேர் வச்சது நான் இல்ல, வார்டுல இருக்கிறவங்க வச்சது. மின்விசிறி நின்னா சர்க்குலர், மின்விசிறி சுத்தினா சர்க்குலர். இந்தத் தடவை 'பால் சார்ந்த சொற்பயன்பாட்டு ஒழுங்குமுறைக் குழு'ன்னு ஒண்ணு அமைக்கறாங்களாம், மேலிடத்து உத்தரவாம், திருநர் நோயாளிகள் வந்தா என்ன வார்த்தை சொல்லிப் பேசணும்னு முடிவு பண்ணணுமாம், பதிவு கவுண்டர் சார்பா நான் இருக்கணுமாம். உன் விஷயம் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி நடந்தேன். முதல் கூட்டத்துக்குப் போனா மூலையில கேன்டீன்காரர் உக்காந்திருக்கார், மடியில ஒரு நோட்டு. பால் சார்ந்த குழுன்னு படிச்சதும், தினமும் பால் பாக்கெட் ஒழுகி வர்றதைப் பத்திக் கேக்கப்போறாங்கன்னு தேதிவாரியா குறிச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டார் மனுஷன். இது அந்தப் பால் இல்லைன்னு சார் எடுத்துச் சொன்னார். ஆனா ஏழு பேர் கையெழுத்து இல்லேன்னா கூட்டம் செல்லாதாம், வந்தது ஆறு பேர்தான், அதனால கேன்டீன்காரரே ஏழாவது ஆளாயிட்டார்.

பயிற்சி குடுக்க வெளியிலேர்ந்து ஒரு கண்ணாடிக்காரர் வந்தார், நல்ல மனுஷன்தான், குறை சொல்லல. அறுபத்திநாலு படம் சுவத்துல போட்டார். முதல் படத்துலயே 'இருமைக்கு அப்பாற்பட்ட பாலின வெளிப்பாட்டு நிறமாலை'ன்னு இருந்துது. எழுதிக்கிட்டு வந்து அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், லிஃப்ட் கூட வர்ற புஸ்தகமும் இப்படித்தான் இருக்கும், எழுதினவன் ஒரு நாளும் லிஃப்ட்ல ஏறியிருக்கமாட்டான்னார். ஆனா நடுநடுவுல நல்லதும் சொன்னார் அந்தக் கண்ணாடிக்காரர். பொறந்தப்போ ஆண்னு எழுதியிருப்பாங்க, ஆனா பொண்ணு, அவங்க திருநங்கை. பொறந்தப்போ பொண்ணுன்னு எழுதியிருப்பாங்க, ஆனா ஆண், அவங்க திருநம்பி. ரெண்டு பேரையும் சேர்த்துச் சொல்லணும்னா திருநர். நான் இத்தனை வருஷம் கவுண்டர்ல உக்காந்துக்கிட்டு திருநம்பின்னு ஒரு வார்த்தை இருக்கறதையே உன் லெட்டர்லதான் பார்த்தேன், அதையும் பாதிப் படிச்சுட்டு யாரோ உன் சிநேகிதனோட பேர்னு நெனச்சேன்னா பார்த்துக்கோ. அதே மாதிரி ஒருத்தர் யாருங்கறது ஒண்ணு, அவங்களுக்கு யார் மேல பிரியம்ங்கறது வேற ஒண்ணு, ரெண்டையும் ஒரே கட்டத்துல அடைக்காதீங்கன்னார். நான் அடைச்சுத்தான் வச்சிருந்தேன், அதான் போன மாசம் போன்ல யாரையாவது பிடிச்சிருக்கான்னு சம்பந்தமே இல்லாம கேட்டேன், நீ சிரிச்சே. பால்புதுமையர்னு ஒரு சொல் வந்துது, இதையெல்லாம் சேர்த்துச் சொல்ற பெரிய குடை மாதிரியாம். அது எந்த கம்பெனிப் பால்னு கேன்டீன்காரர் கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க, அவர் மட்டும் சிரிக்காம நோட்டுல எழுதிக்கிட்டார்.

ரெண்டாவது கூட்டம் முழுக்க ஃபாரத்துல இருக்கிற ஒரே ஒரு வரிக்கு. பால், ஆண் கோடு பெண் கோடு மற்றவைன்னு இருக்கும், ஒன்பது வருஷம் முன்னாடி அந்த மூணாவது கட்டத்தைச் சேர்த்து டைப் அடிச்சது நான்தான், அதுல எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. கேன்டீன்காரர் கையைத் தூக்கினார். சார், என் ஸ்டாக் நோட்டுலயும் மற்றவைன்னு ஒரு வரி இருக்கு, டம்ளர், தட்டு, கரண்டி, மற்றவை, அந்த மற்றவையில விளக்கமாறும் எலிப்பொறியும் வரும், இவங்க மனுஷங்கதானே, அப்போ மற்றவர்னு இல்ல வரணும்னு கேட்டார். ஒன்பது வருஷமா வந்தவங்களை எல்லாம் விளக்கமாறு கணக்குல டிக் பண்ணியிருக்கேன், இலக்கணத்துல நான் முதல் மார்க் வாங்கினவ. சர்க்குலர் சார் உடனே மற்றவர்னு மாத்தலாமா, ஏனையோர்னு மாத்தலாமா, இதரர்னு மாத்தலாமான்னு ஓட்டெடுப்பு வச்சார். கண்ணாடிக்காரர் 'பாலின நிறமாலையில் தம்மை இருமைக்கு அப்பால் அடையாளப்படுத்துவோர்'னு போடணும்னார், கட்டம் இருக்கறதோ அரை விரல் அகலம். எழுத்தைச் சின்னதாக்கலாம்னார். அப்போ பூதக்கண்ணாடி வாங்கணும்னார் ஸ்டோர்காரர். ரெண்டு மணி நேரம் போச்சு. அந்த ரூம்ல இருந்த ஏழு பேர்ல ஒருத்தர்கூட ஒரு திருநரைக் கூப்பிட்டுக் கேக்கலாமேன்னு சொல்லல, நான் உட்பட. நான் உட்படன்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, என் கைப்பைக்குள்ளயே உன் லெட்டர் இருந்துது.

மூணாவது கூட்டம் நடக்கும்போது கீழேயிருந்து கவுண்டர்ல புதுசா சேர்ந்த பொண்ணு மூச்சிரைக்க ஓடி வந்தா. மேடம், ஒருத்தங்க வந்திருக்காங்க, எதை டிக் பண்றதுன்னு தெரியல, எந்த வார்டுன்னும் தெரியலன்னா. சர்க்குலர் சாருக்கு முகம் மலர்ந்துடுச்சு, நல்ல நேரத்துல வந்தே, இதையே நேரடி உதாரணமா வச்சு விவாதிப்போம்னு நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டார். என்ன உடம்புக்குன்னு நான் கேட்டேன். மூச்சு விட முடியலையாம்னா. நான் எழுந்து இறங்கிட்டேன். பெஞ்சுல ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், கழுத்துல அளவு நாடாவோட ஒரு அம்மா, ரெண்டு கையாலயும் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மூச்சை இழுக்கறாங்க. கடைத்தெருவுல ஸ்கூல் யூனிஃபாரம் தைக்கிற டெய்லரம்மா, உன் பாவாடையைக்கூட ஒரு வருஷம் அவங்கதான் தைச்சாங்கன்னு நெனைக்கறேன், நீ அதைப் போடமாட்டேன்னு அடம் பிடிச்சது வேற கதை, அந்தக் கதை இப்பத்தான் எனக்குப் புரியுது. நான் போறதுக்குள்ள மூணு பேர் அவங்களை விசாரிச்சாச்சு. வாசல் செக்யூரிட்டி சாரா மேடமான்னு கேட்டிருக்கான். இன்னொருத்தன் பழைய பேர் என்னன்னு கேட்டிருக்கான். ஊசி போடறவன் ஒருத்தன் ஆபரேஷன் எல்லாம் ஆச்சான்னு கேட்டிருக்கான், மூச்சு வாங்கறவங்ககிட்ட. எவ்வளவு நேரமா மூச்சு வாங்குதுன்னு மட்டும் எவனும் கேக்கல. நான் சக்கர நாற்காலியை இழுத்துட்டு வந்து உக்கார வச்சேன், ஃபாரத்துல பேரும் மூச்சுத்திணறலும் மட்டும் எழுதினேன், நேரா பெண்கள் வார்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன். பக்கத்துப் படுக்கைக்காரி ஒருத்தி முகத்தைத் திருப்பினா, இன்னொருத்தி என் பிளவுஸ் இன்னும் தைச்சுத் தரலையேன்னு கேட்டா, அவ்வளவுதான் நடந்தது, கூரை இடிஞ்சு விழல. சாயங்காலமே எனக்கு ஒரு சர்க்குலர் வந்துடுச்சு, குழு முடிவெடுக்கறதுக்கு முன்னாடி எந்த விதிப்படி நோயாளியை வார்டுக்கு அனுப்பினீங்கன்னு விளக்கம் கேட்டு. மூச்சு நின்னுடும்ங்கற விதிப்படின்னு எழுதிக் குடுத்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துல அவங்களைப் பார்க்கப் போனேன். முகம் தெளிஞ்சிருந்துது, ஆஸ்பத்திரி அங்கியைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துத் திட்டிக்கிட்டு இருந்தாங்க. இதைத் தைச்சவன் மனுஷனை அளக்கல, கதவை அளந்து தைச்சிருக்கான்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்தவ என்ன ஆச்சோ தெரியல, என் வாய் தானா திறந்து, எனக்கு ஒரு பிள்ளை இருக்கு, தூரத்துல இருக்கு, லெட்டர் போட்டிருக்குன்னு சொல்லிட்டேன். உனக்குக் கோவம் வருமோ என்னமோ, உன்னைக் கேக்காம உன் விஷயத்தைச் சொன்னது தப்புதான். ஆனா நாலு மாசமா ஒருத்தர்கிட்டயும் சொல்லாம வச்சிருந்ததை அங்கேதான் இறக்கி வச்சேன். அவங்க பொண்ணா பையனான்னு கேக்கல, ஆபரேஷனான்னு கேக்கல. பேர் என்னன்னு கேட்டாங்க. உன் லெட்டர்ல அந்தப் பேரைக் கண்ணால ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், வாயால ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. சொன்னேன். அந்த மருந்து வாடைக்கு நடுவுல, முதல் தடவையா சத்தமா சொன்னேன். நல்ல பேரா இருக்கே, யார் வச்சதுன்னாங்க. அவனே வச்சுக்கிட்டான்னேன். சொல்லிட்டு அப்புறம்தான் என் காதுல விழுந்துது. நாலு மாசம் தாளைக் கிழிச்சு வராத வார்த்தை, யாரோ பேரை விசாரிச்சதும் தானா வந்து நிக்குது.

அவங்க அளவு நாடாவைச் சுருட்டி வச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, எங்கம்மா என்னை வீட்டை விட்டுத் துரத்தலைங்க, அடிக்கல, திட்டல, சோறு போட்டா. பேர் மட்டும் சொல்லமாட்டா. பழைய பேரும் சொல்லமாட்டா, புதுப்பேரும் சொல்லமாட்டா. இந்தான்னு கூப்பிடுவா. இந்தா தண்ணி எடு, இந்தா கதவைச் சாத்து. இருபத்தி ரெண்டு வருஷம் நான் இந்தா, சாகறப்பகூட இந்தான்னுதான் கையை நீட்டினா, அப்படின்னாங்க. அழல, சாதாரணமாத்தான் சொன்னாங்க, சொல்லிட்டு அங்கி ஓரத்துல தொங்கின நூலைப் பல்லால கடிச்சு எடுத்தாங்க. எனக்கு அங்கே நிக்க முடியல. நாம என்ன பெரிய நாகரிகமா நடந்துக்கிட்டோம், திட்டினோமா அடிச்சோமா, ஆச்சுன்னுதானே பேசினோம்னு ஒரு பக்கம் மனசு நியாயம் பேசிக்கிட்டிருந்துதே, அந்த வாயை அவங்க அடைச்சுட்டாங்க. இன்னொண்ணும் ஞாபகம் வந்துது, அதைச் சொல்லாம இந்த லெட்டரை ஒட்டக்கூடாது. நீ எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் விட்டு நேரா என் கவுண்டருக்கு வந்து பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து ஹோம்வொர்க் எழுதுவே. ஒரு நாள் ஒரு திருநங்கை மருந்துச் சீட்டு வாங்கிட்டுத் திரும்பினதும், எங்ககூட வேலை பார்த்தவர் தெருவுல சொல்ற ஒரு வார்த்தையைச் சொன்னார், எல்லாரும் சிரிச்சாங்க, நானும் பல்லைக் காட்டினேன். நீ தலையை நிமிர்த்திப் பார்த்துட்டு மறுபடியும் குனிஞ்சு எழுதினே. அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாத மடச்சியா இருந்திருக்கேன். என்னை மன்னிச்சுக்கோடா. அதுக்கப்புறம் பதினாறு வருஷம் நீ எனக்கு ஒண்ணும் சொல்லாம இருந்ததுல ஆச்சரியம் என்ன இருக்கு, சொன்னதுதான் ஆச்சரியம்.

நாலாவது கூட்டத்துல சர்க்குலர் சார் பதினோரு பக்கத்துக்கு ஒரு கையேடு வாசிச்சார். நான் எழுந்தேன், எனக்கு ஒரு மகன் இருக்கான், நாலு மாசம் முன்னாடி வரைக்கும் மகள்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், இந்தப் பதினோரு பக்கத்துல அவனுக்கு உபயோகமா ஒரு வரி இல்லைன்னேன். இதைச் சொல்றதுக்கும் உன்கிட்ட ஒரு பேச்சுக்குக்கூட அனுமதி கேக்கல, இனிமே கேட்டுட்டுத்தான் சொல்லுவேன். கண்ணாடிக்காரர் ரொம்ப உருக்கமா தலையை ஆட்டி, அம்மா உங்க அனுபவத்தை என் அறுபத்தஞ்சாவது படமா போட்டுக்கலாமான்னு கேட்டார். ஸ்டோர்காரர் சாவிக்கொத்தைப் பார்த்தார். சர்க்குலர் சார் இதைக் குறிப்புல பதியணுமா வேண்டாமான்னு குழம்பினார். கேன்டீன்காரர் மட்டும், தம்பி என்ன வேலை பார்க்குதுன்னு கேட்டார். பாலம் கட்டற கம்பெனியில படம் வரையறான்னேன். வேளைக்குச் சாப்பிடுதான்னார். எங்கேங்கன்னேன். இந்தக் காலத்துப் பசங்களே அப்படித்தான்னார். அவ்வளவுதான்டா பேச்சு. அறுபத்திநாலு படம் பார்த்து வராதது பால் பாக்கெட் நோட்டோட வந்த மனுஷனுக்கு வந்துது. அவர் சொல்லித்தான் ஃபாரமும் மாறிச்சு. முதல் வரியில உங்களை எப்படிக் கூப்பிடணும்னு கேட்டு ஒரு கோடு, கீழே பாலினம்னு போட்டு அவங்களே எழுதிக்க இன்னொரு கோடு, கட்டம் கிடையாது. முதல் நாளே காது கேக்காத பெரியவர் ஒருத்தர், எப்படிக் கூப்பிடணும்ங்கறதுக்கு 'சத்தமா'ன்னு எழுதிக் குடுத்தார். கையேடும் அச்சாகி வந்துது, அட்டையில பாலினம்ங்கற இடத்துல பாலிதீன்னு விழுந்திருக்கு, பாலிதீன் மரியாதைக் கையேடு. திருத்தம்னு ஒரு சர்க்குலர் வந்திருக்கு.

டெய்லரம்மா சொன்னதை அன்னிக்குச் சாயங்காலமே அப்பாகிட்ட சொன்னேன். டீ குடிச்சுக்கிட்டிருந்தார். டம்ளரை ரெண்டு தடவை கழுவினார், அந்த முழங்காலோட மூணு மாடி இறங்கிப் போனார். அரை மணி கழிச்சு ஒரு காகிதப் பையோட ஏறி வந்து நாற்காலியில உக்காந்து மூச்சு வாங்கிட்டு, அவனுக்கு இந்நேரம் தாடி வர ஆரம்பிச்சிருக்கும் இல்லன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்கல, பார்த்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம், ஆமா மருந்து எடுத்துக்கறான் இல்ல, ஆரம்பிச்சிருக்கும்னேன். யார் சொல்லிக் குடுத்திருப்பாங்க அவனுக்கு, கன்னாபின்னான்னு இழுத்துக் கழுத்தை வெட்டிக்குவானேன்னார். பையில ஒரு ஷேவிங் செட்டும் பிரஷ்ஷும் இருந்துது. இத்தனை நாள் அந்த மனுஷனுக்கு மனசுக்குள்ள ஓடினது இதுதானாம், ஆணா பொண்ணான்னு இல்ல, பையனுக்கு அப்பன் சொல்லிக் குடுக்க வேண்டிய ஒரு காரியம் விட்டுப் போச்சேன்னு. அதை வாயை விட்டுச் சொல்ல நாலு மாசம் ஆயிருக்கு. இந்தக் கவர்லயே அவர் எழுதின தாள் தனியா இருக்கு, எப்படி ஷேவ் பண்றதுன்னு லிஃப்ட் சர்வீஸ் பண்ற மாதிரி வரிசையா எழுதியிருக்கார். முதல்ல மின் இணைப்பைத் துண்டிக்கவும்னு தொடங்கி அடிச்சிருக்கார், கை பழக்கம், சிரிக்காதே.

உன் தங்கச்சி அவ பொண்ணுகிட்ட சொல்லிட்டா. இனிமே பெரியம்மா இல்ல, மாமான்னு. அப்போ பெரியம்மா எங்கே போனாங்கன்னு கேட்டுதாம் அது. எங்கேயும் போகல, அவங்கதான் மாமா, நமக்குத்தான் தெரியலன்னாளாம். மாமாவுக்கு என் பொறந்த நாள் ஞாபகம் இருக்கான்னு கேட்டுதாம். இருக்குன்னதும் சரின்னு விளையாடப் போயிடுச்சாம். அதோட குழுவுக்கு ஒரே ஒரு உறுப்பினர், ஒரே நிமிஷத்துல தீர்மானம் நிறைவேறிடுச்சு. மேல் வீட்டுத் தபால்காரர் மட்டும் இன்னும் பார்சல் கிடைச்சுதான்னு கேக்கறார், என்ன சொல்லட்டும்னு நீயே சொல்லு, உன்னைக் கேட்டுட்டுத்தான் எங்கேயும் வாயைத் திறப்பேன். நடுவுல நாங்க வாய் தவறி அவள் இவள்னு சொல்லிடுவோம், அப்பா நேத்துகூட ஒரு தடவை சொல்லிட்டுத் தன் வாயிலயே தட்டிக்கிட்டார், நீ பொறுத்துக்காதே, திருத்து, திருத்தினா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டோம். ரத்தப் பரிசோதனைக்குக் குடுத்த தேதியைத் தள்ளிப் போடாதே, ஆஸ்பத்திரியில இருக்கறவ சொல்றேன், மருந்து எடுத்துக்கிறவங்களுக்கு அது முக்கியம். குரல் உடையறதுன்னு உன் தங்கச்சி சொன்னா, போன்ல ஜலதோஷம்னு நெனச்சு நான் கஷாயம் வைக்கச் சொன்னேனே, எவ்வளவு அசடு. வேளைக்குச் சாப்பிடு.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், நீ வச்சுக்கிட்ட பேரோட இருக்கணும், உன் வாசல்ல வந்து நிக்கறவங்க அந்தப் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிடணும். அடுத்த மாசம் ரெண்டாவது வாரம் அப்பா பத்து நாள் லீவு போட்டு உன்னைப் பார்க்க வர்றார், எனக்கு லீவு இல்ல, நான் அடுத்த தடவை. மறக்காம ஒண்ணு செய். இந்த லெட்டர் கிடைச்ச அன்னிக்கே இப்போ நீ எப்படி இருக்கியோ அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அலங்காரமெல்லாம் வேண்டாம். அங்கே இறங்கினதும் கூட்டத்துல உன்னைத் தேடுவார். பழைய முகத்தைத் தேடிக்கிட்டு உன் பக்கத்துலயே நின்னுடப் போறார், அப்படி ஆச்சுன்னா அதை அவரால தாங்க முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா